இந்த வருஷம் மெர்சி பழம் செய்தது யார்?

யாரையும் லேசில் நம்பாத என் மெர்சி அக்காவுக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெர்சி என்பது உன் பெயர் இல்லை. கடைசியில் நான் போடப்போகும் கையெழுத்தும் என் பெயர் இல்லை. இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதால் எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். சேலையூரில் இது யார் வீடு, எந்தச் சபை என்று துப்பறியக் கிளம்புகிற ஆட்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அத்தானிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரை மட்டும் மாத்திடு" என்றார்.

நீ போனது மழைக்காலத்தில். இப்போது மே மாதம். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதற்குள் தலை காய்ந்துவிடுகிறது. குரோம்பேட்டையில் ஆபீஸ் முடிந்து ரயில் ஏறினால் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. நீ இருக்கிற இடத்தில் வெயில் உண்டா அக்கா? இருந்தால் நிச்சயம் யாரிடமாவது புகார் சொல்லிக்கொண்டிருப்பாய்.

நீ பழக்கிவிட்டதை நான் ஒன்றையும் விடவில்லை. தர்பூசணி வாங்கப் போகும்போது கைப்பையில் டிஷ்யூ பேப்பர் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். சாயம் ஒட்டுகிறதா என்று வெட்டிய துண்டின் மேல் ஒற்றிப் பார்க்கிறேன். பழக்காரர்கள் முறைக்கிறார்கள். திராட்சையை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைக்காமல் ஒன்றைக்கூட வாயில் போடுவதில்லை. மாம்பழத்தைக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து, கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று முகத்தைச் சுளிக்காமல் கடையை விட்டு நகருவதில்லை. நம் அப்பா பாக்கெட் பாலையே விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கியவர். நாம் வேறு எப்படி இருப்போம்?

இந்தச் சந்தேகப் புத்தி இந்த மாதம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். எங்கள் பகுதியில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒவ்வொரு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், பிறகு சிற்றுண்டி. மற்ற மாதங்களில் சமோசாவும் டீயும். மே மாதம் மட்டும் எப்போதும் அக்கா வீடு. அங்கே சமோசா கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, நாற்காலி போட்டு, ஜெபம் முடிந்ததும் தட்டுத் தட்டாக உறைந்த பழங்கள் வரும். குச்சி செருகிய தர்பூசணி, எலுமிச்சையும் சர்க்கரையும் உள்ளே இறங்கிய திராட்சை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி, கட்டித்தயிரில் முக்கிக் கடலை மிட்டாய்த் தூளில் புரட்டிய வாழைப்பழத் துண்டு. எல்லாம் கல்லாக உறைந்திருக்கும், ஆனால் பல்லுக்குக் கெடுதல் செய்யாது. பல் செட் வைத்த பெரியவர்களுக்குத் தனியாகப் பொடிசாக நறுக்கிய ஒரு தட்டு. எங்கள் பகுதியில் இதற்குப் பெயரே மெர்சி பழம். மற்ற மாதம் எல்லாம் உடம்பு சரியில்லை என்று வராதவர்கள் மே மாதம் சுகமாகி வந்துவிடுவார்கள்.

எப்படிச் செய்கிறாய் என்று நீ யாருக்கும் சொன்னதில்லை. எனக்குக்கூட. கூட்டத்துக்கு முந்தின நாள் நான் உதவிக்கு வந்தால், சமையலறை வாசலிலேயே மறித்து, "போய் மாடியில நாற்காலியத் தொடை" என்று விரட்டுவாய். "அத்தான் உள்ள என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "மிக்ஸி பிளக்குல ஏதோ கோளாறு, பாக்குறாங்க" என்பாய். உன் வீட்டு பிளக் ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் மட்டும் கெட்டுப்போனது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிளக் விற்ற கடைக்காரன் மேல்தான் வந்தது.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். நீ இல்லாத முதல் மே. கூட்டத்தை வேறு யார் வீட்டிலாவது வைத்துக்கொள்வார்கள், சமோசா தின்றுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மே மாசக் கூட்டம் வழக்கம்போல நம்ம வீட்லதான். பழமும் உண்டு."

எனக்கு ஒற்றைச் செருப்போடு காது விடைத்துக்கொண்டது. பழமும் உண்டா? யார் செய்வது? அத்தானை எனக்குத் தெரியாதா? திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்பு வெட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டில் அவர் காபி டம்ளரைக் கழுவிக்கூட நான் பார்த்ததில்லை. நீ போன பிறகு மாதக்கணக்கில் மெஸ் சாப்பாடு. அந்த மனிதர் "பழமும் உண்டு" என்று அவ்வளவு தைரியமாகச் சொல்கிறார் என்றால், பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். நீயாக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பாய், இல்லையா?

அந்த வாரமே ஆபீஸ் விட்டதும் சேலையூருக்குப் போனேன். உன் ஹாட்பாக்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது, அதைத் திருப்பித் தருவதாகச் சாக்கு. அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப்போவதுபோல ஃபிரிட்ஜைத் திறந்தேன். பிறகு தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத ஃப்ரீசரையும் திறந்தேன்.

முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ். ஐஸின் மேல் ஒரு ஐந்து ரூபாய்க் காசு.

படிப்பவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும். அக்கா கரண்டை நம்பாதவள். ஊருக்குப் போகும்போதெல்லாம் டம்ளரில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் கரண்ட் போய், ஐஸ் உருகி, காசு முழுகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருந்த மீனையும் மாவையும் அப்படியே குப்பையில் போட்டுவிடுவாள்.

இப்போது அந்தக் காசை வைத்தது யார்? இப்படி ஒரு வேலை இருப்பது அத்தானுக்கு எப்படித் தெரியும்? காசுக்குப் பின்னால் ஒரு தட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து ஒழுங்காக மடித்துவிட்டிருந்தது. பக்கத்தில் ஐஸ் குச்சிக் கட்டு. பட்டர் பேப்பர் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அத்தானுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு ஃப்ரீசரைச் சாத்தினேன். தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன்.

"என்ன ஸ்டெல்லா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில் அத்தான்."

வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். உன் புகைப்படத்தில் மாலை வாடாமல் இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. எந்த ஆம்பளை வாராவாரம் மாலை மாற்றுகிறான்?

கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நீ வழக்கமாக வாங்கும் பழக்காரன் இருக்கிறானே, அவனிடம் போனேன். டிஷ்யூவை எடுத்ததுமே கையெடுத்துக் கும்பிட்டான்.

"யக்கா, பெரியக்காதான் துடைச்சித் துடைச்சிப் பாக்கும்னா நீயுமா? சாயம்லாம் இல்லக்கா, வெட்டிக் காட்றேன் பாரு."

"அது இருக்கட்டும். எங்க அத்தான் வந்தாரா?"

"சார் நேத்துதான் வந்துட்டுப் போனாரு. பன்னீர் திராட்சைய வேணான்ட்டாரு, கொட்ட இல்லாததுதான் வோணும்னாரு. கூட ஒரு டீச்சரம்மா. அவங்கதான் ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்துகினு இருந்தாங்க."

டீச்சரம்மா! உன் எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர். பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். கணவர் போய்ப் பல வருஷமாயிற்று. பிள்ளைகள் வெளிநாட்டில். கண்ணாடியைக் கழற்றி மாட்டும் பாணியே தனி. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. காசு, பட்டர் பேப்பர், மாலை, எல்லாம். பழக்காரன் கொடுத்த மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் நடந்துவிட்டேன், பின்னால் ஓடிவந்து கொடுத்தான்.

பொத்தேரியில் தங்கிப் படிக்கிற உன் மகள் ஷாலினிக்கு ஃபோன் போட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உங்கப்பா வீட்டுக்கு யாராவது வர்றாங்களா பாப்பா?"

"யாரு வருவா? பால்காரர் வருவார்."

"இல்ல, இந்தப் பழம் எல்லாம் யார் பண்ணப்போறாங்கன்னு…"

அவள் சிரித்தாள். ஒரு மாதிரியான சிரிப்பு. "சித்தி, நீங்க டிடெக்டிவ் வேலை பாக்காம கூட்டத்துக்கு வந்து பழத்தைச் சாப்பிடுங்க. எனக்கு கிளாஸ் இருக்கு." வைத்துவிட்டாள். அப்படியென்றால் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் மறைக்கிறார்கள்.

எனக்கு என்ன பயம் என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அத்தான் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வாரோ என்பது மட்டும் இல்லை. அது அவர் வாழ்க்கை, நான் யார் கேட்பதற்கு? (கேட்பேன், அது வேறு விஷயம்.) இந்த ஊரில் காலிங் பெல் அடிக்காமல் நான் உள்ளே நுழைகிற வீடு அது ஒன்றுதான் அக்கா. செருப்பை எங்கே வேண்டுமானாலும் கழற்றிப்போட்டு, நேரே சமையலறைக்குப் போய், என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்க்கிற வீடு. நாளைக்கு அங்கே வேறு ஒருத்தி கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டால் நான் எங்கே போவேன்? நீ போனபோது நான் உன்னை மட்டும்தான் இழந்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீடும் கையை விட்டுப் போகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போட்டேன். மத்தியானம் சேலையூர் போய்ச் சேர்ந்தால் உன் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அத்தான் குரல். என்னவோ சொல்கிறார், டீச்சர் சிரிக்கிறார். அத்தானும் சிரிக்கிறார். நீ போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு வயிறு எரிந்தது. உன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். யாக்கோபு அங்கிள் புதுப் பல் செட்டோடு வந்திருந்தார். மாடியில் தண்ணீர் தெளித்திருந்தது. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பாட்டில் டீச்சரின் ஆல்ட்டோ மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. வேண்டுமென்றே அப்படிப் பாடுகிறார் என்று எனக்குப் பட்டது. உன்னை நினைத்து ஜெபம் பண்ணினார்கள். நான் கண்ணை மூடவில்லை, டீச்சர் கண்ணை மூடியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்தது. டீச்சரும் ஷாலினியும் எதிர்வீட்டிலிருந்து, பார்த்துக்கொள், உன் வீட்டிலிருந்து இல்லை, எதிர்வீட்டிலிருந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள்.

ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டேன். முதலில் ஐஸ், பிறகு எலுமிச்சை, கடைசியில் இனிப்பு. அதே வரிசை. தர்பூசணியைக் கடித்தேன். ஒரு விதை இல்லை. உப்பு ஒரு கல் அளவுக்குத்தான், இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற அளவுக்கு. அக்கா, அது நீ. அப்படியே நீ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே கோபமும் வந்துவிட்டது. கூடப்பிறந்த எனக்குச் சொல்லித்தராததை எதிர்வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாளே!

"டீச்சர்," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எங்கக்கா கிட்ட இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க? ரொம்ப நாளாவே ப்ராக்டீஸா?"

 யாக்கோபு அங்கிள் அன்னாசித் துண்டை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டெல்லா, எனக்கு சுகர். நான் பழத்தைத் தொடறதே இல்ல. என் ஃப்ரீசர் பெருசு, அதைத்தான் குடுத்தேன்."

"அப்ப மார்க்கெட்டுக்கு?"

"அது மெர்சி எனக்குச் சொல்லிட்டுப் போன வேலை. 'பழம் வாங்கப் போனா அவரைத் தனியா விடாதீங்க டீச்சர், எதக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துருவார்'னு சொன்னா."

"அப்ப யாரு…"

"ஸ்டெல்லா," என்று அத்தான் கூப்பிட்டார். மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கீழ வா."

சமையலறைக்குப் போனோம். எப்போதும் நீ என்னை மறிக்கிற அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனோம். அத்தான் கூடையில் மீதி இருந்த திராட்சையை எடுத்தார். கழுவித் துடைத்தார். சட்டைக் காலருக்கு அடியில் குத்தியிருந்த ஊசியை உருவி, அடுப்பு நெருப்பில் காட்டி, ஒவ்வொரு திராட்சையிலும் காம்பு இருந்த இடத்தில் ஒரு குத்து, எதிர்ப்பக்கம் ஒரு குத்து. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்து அதில் போட்டார். தர்பூசணியை நீளவாக்கில் வெட்டி, விதை ஓடுகிற கோடு எங்கே என்று பார்த்து, அந்தக் கோட்டோடு கத்தியை இழுத்தார். விதை எல்லாம் மேலே வந்துவிட்டது. தொழிற்பேட்டையில் இரும்பு வெட்டுகிற கை அது. ஒரு துண்டு இன்னொன்றைவிடப் பெரிதில்லை, சிறிதில்லை. பட்டர் பேப்பரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் ஐஸைக் கையால் ஒதுக்கித் தட்டை உள்ளே வைத்தார்.

"ஒட்டிச்சுன்னா மொத்தமா ஒரே கட்டியா போயிடும்," என்றார். "முதல்ல தனித்தனியா உறையணும். அப்புறம்தான் டப்பாவுல போடணும். எடுத்த உடனே குடுக்கக் கூடாது, நாக்குல ஒட்டிக்கும். ஒரு பாட்டு பாடுற நேரம் வெளிய வச்சா போதும்."

வெட்டிய மீதித் துண்டில் விதை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.

"நீங்களா அத்தான்? இந்த வருஷம் மட்டுமா?"

"எல்லா வருஷமும்."

"அப்ப அக்கா?"

"அவளால ஐஸத் தொட முடியாதே ஸ்டெல்லா. தொட்டா விரல் வெள்ளையாப் போய் மரத்துரும், அப்புறம் வலி உயிர் போகும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா? ஐஸில் வைத்த மீன் வாங்கிவந்தால் கழுவுவதற்கு என்னைக் கூப்பிடுவாயே, சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஊட்டிக்குப் போனபோது கையை அக்குளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாயே, ஸ்டைல் என்று நினைத்தேன். ஃப்ரீசரிலிருந்து ஒரு பொருள் வேண்டுமென்றால், "நீ எடு" என்று எப்போதும் வேறு யாரையாவது சொல்வாயே. உலகத்தையே சந்தேகப்படுகிற நான், என் கண் முன்னால் இருந்ததை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. டம்ளரில் காசு வைப்பதுகூட நீ இல்லையாம். "காசு வச்சாச்சா, காசு வச்சாச்சா" என்று வாசலில் நின்று கத்துவது மட்டும்தான் உன் வேலையாம். இப்போது யாரும் கத்துவதில்லை, ஆனாலும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன் என்றார்.

எப்படி ஆரம்பித்தது என்று அத்தான் சொன்னார். ஷாலினி சின்னவளாக இருந்த ஒரு கோடையில், அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தார். பிள்ளை பழம் என்றாலே ஓடுவாளாம். குச்சியில் குத்தி உறையவைத்துக் கொடுத்தால் ஐஸ் என்று நினைத்துத் தின்றாளாம். அந்த மே மாதம் கூட்டம் உன் வீட்டில். இருந்ததை வைத்து இதையே செய்து பரிமாறியிருக்கிறீர்கள்.

"எல்லாரும், 'மெர்சி, என்னமா பண்ணியிருக்கே!'ன்னாங்க. அவ என்னைப் பார்த்தா, சொல்லிரவான்னு. நான்தான் வேணாம்னு தலைய ஆட்டினேன். வேலை இல்லாம வீட்ல உக்காந்து பழம் நறுக்குறான்னு பேசுவாங்கல்ல. அவ பேராவே இருக்கட்டும்னுட்டேன்."

"அப்புறம் வேலை கிடைச்சுதே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்தான். ஆனா ஒவ்வொரு வருஷமும் அவளை யாராவது பாராட்டும்போது, கூட்டத்துக்கு நடுவுல அவ என்னைத் தேடி ஒரு பார்வை பார்ப்பா. அது போயிடுமேன்னு விட்டுட்டேன்."

அக்கா, அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். "எல்லாம் கர்த்தர் கிருபை" என்று சொல்லிக்கொண்டே மாடி மூலையைப் பார்ப்பாய். அத்தான் நாற்காலியைச் சரியாக அடுக்குகிறாரா என்று கண்காணிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அது தப்பான சந்தேகம்.

"எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியுது, ஷாலினிக்குத் தெரியுது. என்கிட்ட மட்டும் ஏன் அத்தான் சொல்லல?"

அவர் கத்தியைக் கழுவி வைத்தார். "சொல்லலாம்னு நான் சொன்னேன். அவதான், 'அவ நம்பமாட்டா. கடையில வாங்கிட்டு வந்து கதை விடறீங்கன்னு பில்லத் தேடுவா'ன்னா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உண்மைதானே. தேடியிருப்பேன். ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாமே அக்கா. நம்பாவிட்டால் என்ன, சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டை ஒன்று நமக்குப் பாக்கி இல்லையா இப்போது?

"இந்த வருஷம் எதுக்கு அத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? சமோசா வாங்கியிருக்கலாமே."

அவர் ஊசியைத் துடைத்து மறுபடி காலரில் குத்திக்கொண்டார். "சமோசான்னா, சின்னதா ஒரு நினைவு ஜெபம் பண்ணிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க ஸ்டெல்லா. இது இருந்தாதான் வாய்க்கு வாய் 'மெர்சி பழம், மெர்சி பழம்'பாங்க. இந்த வீட்ல அவ பேரை சத்தமா வேற யார் சொல்றா இப்ப?"

நான் அவர் கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

மாடிக்குத் திரும்பி வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் செய்த கலாட்டாவுக்கு ஒரு முடிவு தெரியாமல் யாரும் வீட்டுக்குப் போவதாக இல்லை. யாக்கோபு அங்கிள்தான் கேட்டார்.

"அப்போ இத யாருதான்மா பண்ணது?"

அத்தான் படியேறி வந்து, ஒன்றும் தெரியாதவர்போல மூலைக்குப் போய் நாற்காலியைத் தூக்கினார்.

"மெர்சி பழம் அங்கிள்," என்றேன். "வேற யாரு? சாப்பிடுங்க, உருகிடும்."

சொல்லிவிட்டு அந்த மூலையைப் பார்த்தேன். உன்னைப்போல எனக்குப் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அத்தான் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, மெர்சியோட தங்கச்சிதானே நீ" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு இன்னும் எனக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. உன் புகைப்பட மாலையை மாற்றுவதும் அத்தான்தானாம், ஷாலினி சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.

இப்போது என் சந்தேகம் முழுக்க உன் மேல்தான். கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் எனக்கு ஒரு டப்பா அச்சு முறுக்கு அனுப்புவாயே, அது யார் சுட்டது? அது எண்ணெய் வேலை, ஐஸ் இல்லை, அதனால் நீதான் என்று நம்புகிறேன். நம்பலாமா? ஷாலினி பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்த தேவதை உடுப்பு? என் கல்யாணத்தில் எல்லாரும் கண்கலங்கிய அந்த வாழ்த்துரை? எதையெல்லாம் அத்தான் தலையில் கட்டிவிட்டு நீ பேர் வாங்கினாய்? வந்து கேட்கத்தான் முடியாது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த மே மாதம் பழம் வாங்க நான் போவேன். டிஷ்யூ வைத்து ஒற்றி, காம்பை முகர்ந்து, பழக்காரன் அழுகிற வரைக்கும் பொறுக்கி எடுப்பேன். அத்தானோடு சமையலறையில் நிற்பேன். என் விரல் ஐஸுக்கு மரக்காது. யாராவது உதவிக்கு வந்தால் வாசலில் மறித்து, பிளக் கோளாறு என்று சொல்லி விரட்டுவேன். யார் செய்தது என்று எத்தனை பேர் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, மறக்காமல் மூலையைப் பார்ப்பேன். அத்தான் காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு ஃபோன் போட்டு, "காசு வச்சாச்சா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டேன். இந்த வாரம் ஒருநாள்கூட விடவில்லை.

இன்றும் பெல் அடிக்காமல்தான் உள்ளே போனேன்.

உன்னை இனி எதிலும் முழுசாக நம்பாத,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கை,
ஸ்டெல்லா
(பெயர் மாற்றப்பட்டுள்ளது. தேடவேண்டாம்.)